எஞ்சினை எதில் ஏற்றுவது?

உவர்மலையிலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் மேசைக்கு வந்துள்ளது. அவருடைய வீட்டில் தகப்பனார் காலத்து மொறிஸ் மைனர் ஒன்று நிற்கின்றது. சில மாதங்களாக அது பெற்றோலைக் காட்டிலும் எண்ணெயையே விரும்பிக் குடித்து நீலப் புகை கக்குகின்றதாம். மகன் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவில் படிக்கின்றான். இவ்விடுமுறையில் எஞ்சினை இறக்கி வீட்டிலேயே திறந்து பார்ப்போம் என்று தகப்பனாரை அவன் நச்சரித்துச் சம்மதிக்கவும் வைத்துவிட்டான். இருவரும் கடைக்குப் போயிருக்கின்றனர். அங்கே எஞ்சின் ஸ்டாண்டு இரண்டு வகை இருந்ததாம்: ஒன்று மூன்று சில்லு உடையது, மற்றது நான்கு சில்லு உடையது. விலையில் கணிசமான வித்தியாசம். ஆனால் இரண்டின் மேலும் ஆயிரம் இறாத்தல் தாங்கும் என்றே ஒட்டியிருந்ததாம். "இரண்டும் ஒரே பாரத்தைத் தாங்குமாயின் நாம் மலிவானதை வாங்கினால் என்ன?" என்று அன்பர் கேட்கின்றார்.

கேள்வி நியாயமானதே. விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம்: மலிவானதை வாங்க வேண்டாம். நான்கு சில்லுத் தாங்கிக்குப் பணம் போதாதெனின் ஒன்றையுமே வாங்க வேண்டாம். பழைய லொறி ரயர் ஒன்றே போதும். அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம். ஆனால் காரணம் கூறாத விடையை ஒரு மாணவன் ஏற்றுக்கொள்ளமாட்டான், ஏற்றுக்கொள்ளவும் கூடாது. ஆதலின் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

இக்கேள்வி அன்பர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில், விற்றுவிட்டுப் புதிது வாங்குவோம் என்று எண்ணியிருந்த குடும்பங்கள் பல, இருந்த வண்டியையே பேணிக் கொள்ளப் பழகின. இறக்குமதி திறந்த பின்னரும் வரியும் விலையும் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்தைக் கிட்ட அணுகவிடவில்லை. திருகோணமலையில் டொக்யார்ட் வீதி முதல் உப்புவெளி வரை நடந்து பார்த்தால், வீட்டு முற்றத்திலே மூடியைத் திறந்துகொண்டு நிற்கும் கார் ஒன்றையாவது, கழற்றிய எஞ்சினோடு ஓரமாக நிற்கும் வான் ஒன்றையாவது காணாமல் வர முடியாது. துறைமுகப் பட்டினத்தாருக்கு இயந்திரத்தில் கைவைக்க அச்சம் குறைவு. அது நல்ல குணமே. எனினும் அச்சம் குறைந்த இடத்தில் அளவுகோல் கூடவே இருக்க வேண்டும்.

தாங்கி என்றவுடன் நம்மவருக்குச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளே நினைவுக்கு வரும். பிரித்தானியர் இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய காலத்தில் காட்டுக்குள் கட்டி வைத்த அவற்றில் தொண்ணூற்றொன்பது இன்றும் எண்ணிக்கையில் உள்ளன. நாம் இங்கே கூறுவது அதுவன்று. எஞ்சினைத் தாங்கும் சிறு இரும்புச் சட்டத்தை. அதைக் கண்டிராதோருக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுவோம். நிலத்திலே சில்லுகள் பூட்டிய ஓர் அடிச்சட்டம். அதன் பின்புறத்தில் நிமிர்ந்த ஒரு தூண். தூணின் உச்சியில் ஒரு குழாய். அக்குழாய்க்குள் சுழலக்கூடிய தண்டொன்றின் முனையிலே கனத்த தகடு. தகட்டிலிருந்து நான்கு விரல்கள் நீண்டிருக்கும். அவ்விரல்களை வேண்டிய அளவுக்கு நகர்த்தி, கியர் பெட்டி பொருந்தியிருந்த எஞ்சினின் பின்முகத் துளைகளில் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். அவ்வாறு முடுக்கியதும் எஞ்சின் தன் பின்முகத்தினால் மட்டும் பிடிபட்டு, அந்தரத்தில் முன்னோக்கி நீண்டு நிற்கும். தண்டைச் சுழற்றினால் எஞ்சின் தலைகீழாகத் திரும்பும். பிஸ்டனையும் கழற்றலாம், அடியிலிருக்கும் எண்ணெய்ச் சட்டியையும் கழற்றலாம், குனிந்து முதுகு முறிய வேண்டியதில்லை. ஒரு முனையில் மட்டும் பிடித்து மறுமுனையை அந்தரத்தில் விடுவதே இதன் வசதி. இதன் அபாயமும் அதுவே.

இவ்வபாயத்தைப் பெரிய அளவிலே காட்டிய சம்பவம் ஒன்று நம் துறைமுகத்திலேயே நிகழ்ந்துள்ளது. கார் எஞ்சினுக்கு ஸ்டாண்டு எப்படியோ, கப்பலுக்கு மிதக்கும் உலர்துறை அப்படி. அது நீரில் மிதக்கும் ஒரு பெருந்தொட்டி. அதன் வயிற்றறைகளில் நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே வந்து நிற்கும். நீரைப் பம்பி வெளியேற்றினால் தொட்டி கப்பலோடு சேர்ந்து எழும்பும். கப்பலின் அடிப்பாகம் காற்றுக்கு வந்து, பழுது பார்க்க ஏதுவாகும். 1944 ஆகஸ்ட் 8 ஆம் நாள், திருகோணமலையில் நின்ற அத்தகைய உலர்துறையொன்றில் பிரித்தானியக் கடற்படையின் வேலியன்ட் என்னும் போர்க்கப்பல் ஏற்றப்பட்டது. முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய அக்கப்பலின் உள்ளே வெடிமருந்தும் நிறைந்திருந்தது. வயிற்றறைகளின் நீரை வெளியேற்றும்போது, கப்பலின் பாரம் எங்கெங்கே எவ்வளவு விழுகின்றது என்பதற்குப் பொருந்தாத ஒழுங்கில் அறைகள் காலியாக்கப்பட்டன. உலர்துறையின் முனைகள் ஒருபுறமாய் வளைய, நடுப்பகுதி அவ்வளைவைத் தாங்கமாட்டாமல் முறிந்தது. உலர்துறை மூழ்கியது. கப்பல் தன் நீராவியை அணைக்காமல் வைத்திருந்தமையால் தப்பிப் பிழைத்தது. ஆயினும் அதன் உட்புறச் சுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் சிக்குண்டு போயின. பழுது பார்க்க அலெக்சாந்திரியாவுக்குப் புறப்பட்ட அது, நேர்கோட்டில் செல்ல இயலாமையால் சுயஸ் கால்வாய்க்குள் நுழைய மாட்டாமல் திருகோணமலைக்கே திரும்ப நேர்ந்தது. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாத் துறையிலே இத்தாலியச் சுழியோடிகள் வைத்த வெடியால் சேதமுற்றும் மீண்டெழுந்த கப்பல் அது. பகைவன் கையில் தப்பியது, தன்னைத் தாங்க வந்ததன் கையில் சிக்கியது.

இச்சம்பவத்தை நாம் சொல்வது பயமுறுத்துவதற்கன்று. எவ்வளவு பாரம் என்பது ஒரு கேள்வி. பாரம் எங்கே விழுகின்றது என்பது வேறொரு கேள்வி. கடையில் ஒட்டியிருக்கும் தாள் முதலாவதற்கு மட்டுமே விடை கூறுகின்றது.

முதலாவதை விரைவில் முடித்துவிடலாம். ஆயிரம் இறாத்தல் என்பது ஏறத்தாழ 450 கிலோ. நமக்குப் பழக்கமான சீமெந்து மூடை 50 கிலோ. ஆகவே ஒன்பது மூடை. மொறிஸ் மைனரின் எஞ்சினோ கியர் பெட்டி இல்லாமல் இரண்டு மூடைக்கு மேல், மூன்று மூடைக்குள். அன்பரின் கார் எந்த ஆண்டினது என்று அவர் எழுதவில்லை. 1948 இல் வெளிவந்தபோது அதற்கு 918 சீசீ எஞ்சின் இருந்தது. 1952 இல் 803, 1956 இல் 948, 1962 இல் 1098 என்று மாறி வந்தது. எதுவாயினும் இவ்வளவுக்குள் அடங்கும். டீசல் வான்களின் எஞ்சின் நான்கு மூடையை அண்டி நிற்கும், சிலவற்றில் தாண்டியும் போகும். எஞ்சினின் நிறையைப் போல இரண்டு மடங்கு எழுதப்பட்ட தாங்கியை எடுப்பது பொதுவான முறை. அக்கணக்கின்படி அன்பர் பார்த்த இரண்டும் தேறிவிடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

இனி இரண்டாவது. மகன் பௌதிகத்தில் திருப்பம் படித்திருப்பான். விசையை அது செயற்படும் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்பம். நீண்ட ஸ்பானரால் இறுகிய நட்டு எளிதில் கழல்வது அதனாலேயே. கணக்கின் வசதிக்காக எஞ்சினின் நிறையை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தகட்டுக்கு 30 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பின் பெருக்கம் 3600. விரல்கள் எட்டவில்லை என்று நீண்ட போல்ட்டும் இடையில் குழாய்த் துண்டும் இட்டு எஞ்சினை 10 சென்ரிமீற்றர் முன்னே தள்ளிவிட்டால் 4800. எஞ்சின் அதேதான், நிறையும் அதேதான். தூணின் அடியிலுள்ள ஒட்டுக்கு வரும் வருத்தமோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்தத் தாளில் 450 கிலோ என்று இருக்கின்றதே, அது தகட்டிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் என்று எங்காவது எழுதியிருக்கின்றதா என அடுத்த முறை கடைக்குப் போகும்போது பார்க்கட்டும். பெரும்பாலும் இராது.

மூன்று சில்லா நான்கு சில்லா என்பதும் இவ்வகைக் கணக்கே. ஒரு தாளை எடுத்து வரைந்து பார்க்குமாறு மாணவ நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பின் சில்லுகள் இரண்டுக்கும் இடையே 80 சென்ரிமீற்றர். அவற்றிலிருந்து 80 சென்ரிமீற்றர் முன்னே நடுவில் ஒற்றைச் சில்லு. மூன்றையும் இணைத்தால் முக்கோணம். எஞ்சினின் ஈர்ப்பு மையம் பின்வரிசையிலிருந்து 50 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அவ்விடத்தில் முக்கோணத்தின் அகலம் எவ்வளவு? முப்பதே சென்ரிமீற்றர். அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 15. இப்போது முன்னாலும் 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு சில்லு பூட்டுங்கள். அதே இடத்தில் அகலம் 55 ஆகிவிடும், பக்கத்துக்கு இருபத்தேழரை. ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பின், மூன்று சில்லுத் தாங்கி ஏறக்குறைய ஒன்பது பாகை சரிந்தவுடன் கவிழும். மற்றதோ பதினாறு பாகை வரை நின்றுபிடிக்கும்.

ஒன்பது பாகை சரிவுள்ள தரை யார் வீட்டில் உண்டு என்று கேட்கலாம். நின்ற நிலையில் கவிழ்வதை நாம் கூறவில்லை. தள்ளும்போது ஒரு சிறு கல், முற்றத்து வாய்க்காலின் விளிம்பு, வாசற்படியின் ஓரத்தில் உடைந்த சீமெந்து: இவற்றில் ஏதோ ஒன்றில் ஒற்றை முன்சில்லு சிக்கினால் போதும். சில்லு நிற்கும், எஞ்சின் நிற்காது. பக்கவாட்டில் அது கவிழ்வதற்கு, நாம் சாவதானமாக நடக்கும் வேகத்தில் பாதியே போதும் என்று கணக்குக் காட்டுகின்றது. சரியும் எஞ்சினைப் பிடித்துவிடலாம் என்று இயல்பாகவே கை போகும். இரண்டரை மூடைச் சீமெந்தை ஒரு கையால் பிடித்துவிட எவராலும் இயலாது. இளம் பிள்ளைகளின் கை மட்டும் யோசிக்காமல் போய்விடும். அன்பர் மிச்சம் பிடிக்க எண்ணும் பணத்தை, அந்த ஒரு கணத்தை நினைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, நான்கு சில்லு என்று முடிவாயிற்று. கடையில் எவற்றைப் பார்ப்பது?

பெயின்றைப் பார்க்க வேண்டாம். சிவப்பும் நீலமும் பளபளப்பும் நிறையைத் தாங்குவதில்லை. குழாயின் திறந்த முனையைப் பாருங்கள். இரும்பின் தடிப்பு அங்கே தெரியும். மூன்று மில்லிமீற்றருக்குக் குறைந்த பெட்டிக் குழாயை நாம் வாங்கமாட்டோம். அடுத்தது, தூண் அடிச்சட்டத்தில் சேரும் இடம். திருப்பம் முழுவதும் அங்கேதான் வந்து சேர்கின்றது. அவ்விடத்தில் முக்கோணத் தகடுகள் வைத்து ஒட்டியிருப்பது நன்று. ஒட்டு மீன் செதில் போல ஒழுங்காய் அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். புற்றுமண் போலக் குவிந்தும் துளை விழுந்தும் இருப்பின் விட்டுவிடுங்கள். வெறுமையாய் நிற்கும்போது தூண் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அதைக் குறையென எண்ண வேண்டாம். பாரம் ஏறியதும் நிமிர்வதற்காகவே அவ்வாறு செய்வர். முன்னரே முன்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் குறை. சுழலும் தண்டைக் குழாய்க்குள் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடுமாயின் எஞ்சின் ஏறியபின் தலை குனியும். சில்லுகள் பெரியனவாயிருத்தல் நன்று. கோலிக்குண்டு போன்ற சிறு சில்லுகள் கடையின் பளிங்குத் தரைக்கு ஏற்றவை. நம் முற்றத்துக்கு அல்ல.

தலையைப் பூட்டும் ஊசி ஒன்று உண்டு. சுழலாமல் நிறுத்துவது அது. அது விரற்கடைத் தடிப்பில் உறுதியாய், துளையில் இறுக்கமாய் இருத்தல் வேண்டும். விலை கூடிய சிலவற்றில் ஊசிக்குப் பதிலாகப் பற்சில்லும் கைப்பிடியும் வைத்திருப்பர். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எஞ்சின் மெல்லத் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். டீசல் எஞ்சின் திறக்கும் எண்ணமிருப்பின் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மைனருக்கு ஊசியே போதும்.

நம் ஊரில் நல்ல வெல்டிங் பாஸ்மார் இருக்கின்றார்களே, அவர்களிடம் செய்வித்தால் என்ன என்று சிலர் கேட்பர். செய்விக்கலாம், கடைத் தாங்கியை விட உறுதியாகவும் அமையலாம். ஆனால் எதற்கு என்பதை முதலில் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். கேற்றும் கிறிலும் ஒட்டும் கை நல்ல கைதான். எனினும் கேற்றிலே எவரும் எஞ்சினைத் தொங்கவிடுவதில்லை. கேற்றுக்கு வாங்கிய மெல்லிய குழாயில் மிச்சம் கிடந்ததை வைத்து ஒட்டித் தருவாராயின், அது வெற்றிலைக் கொடிக்கு நட்ட கொழுகொம்பு. லொறிக்குச் சட்டம் ஒட்டுபவர், அல்லது கொட்பேத் துறைமுகத்தில் மீன்பிடிக் கலங்களுக்கு எஞ்சின் படுக்கை ஒட்டிப் பழகியவர் கிடைப்பின் அவரிடம் கொடுங்கள். எவர் செய்தாலும் எஞ்சினை ஏற்றுமுன் ஒரு பரீட்சை வையுங்கள். தகட்டின் விரல்களிலே ஓர் இரும்புக் குழாயைப் பூட்டி முன்னோக்கி நீட்டி, எஞ்சினின் மையம் வரக்கூடிய தூரத்தில் மணல் மூடைகளை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் எழும்புமாறு கட்டித் தொங்கவிடுங்கள். ஓர் இரவு நிற்கட்டும். காலையில் தூணின் அடியில் பெயின்ற் வெடித்திருக்கின்றதா என்று பாருங்கள். விழுந்தாலும் மணல்தானே.

போல்ட்டுகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் எஞ்சின் உண்மையில் தொங்குவது அந்நான்கு போல்ட்டுகளில்தான். தலையில் 8.8 என்று பொறித்தவற்றை வாங்குங்கள், பொறிப்பில்லாதவை வேலிக்கு. இரும்பு வார்ப்பில் போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது புரி உள்ளே இறங்க வேண்டும், அலுமினியத்தில் இரண்டு மடங்கு. பத்து மில்லிமீற்றர் போல்ட்டாயின் பதினைந்து, இருபது மில்லிமீற்றர் என்று கொள்க. மைனர் போன்ற பிரித்தானியக் கார்களின் புரி அங்குலக் கணக்கில் அமைந்தது. யப்பானிய வானிலிருந்து கழற்றிய மில்லிமீற்றர் போல்ட்டு அதில் இரண்டு சுற்று ஏறும், பின்பு இறுகும். இறுகிவிட்டது என்று மகிழ்வது பேதைமை. புரி தின்னப்படுகின்றது என்பதே பொருள். கையாலேயே முழுவதும் ஏறாத போல்ட்டை ஸ்பானர் கொண்டு ஏற்றாதிருக்கப் பழகுவது மாணவனுக்கு முதற் பாடம். அவ்வெஞ்சின்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியர் பெட்டி பொருந்தும் பின்முகம் பல கார்களில் எஞ்சின் வார்ப்பின் பாகமாகவே இருக்கும். பழைய பிரித்தானிய எஞ்சின்கள் சிலவற்றில் அது தனியாக முடுக்கிய ஒரு தகடு. அத்தகட்டின் ஓரத் துளைகளில் மட்டும் தாங்கியின் விரல்களைப் பூட்டினால், முழுப் பாரமும் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகளில் விழும். வார்ப்பைத் தொடும் துளைகள் எவை என்று பழைய கராஜ் பாஸ் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது கௌரவக் குறைவன்று.

ஏற்றும் முறையைச் சுருங்கக் கூறுவோம். எண்ணெயையும் நீரையும் முன்னரே வடித்துவிடுங்கள். பிளைவீலும் கிளச்சும் கழன்ற பின்பே தகடு பொருந்தும். விரல்களைப் பூட்டும்போது சுழலும் தண்டின் மையம் கிராங்குத் தண்டுக்குச் சற்று மேலே வருமாறு அமைத்தல் வேண்டும். ஈர்ப்பு மையம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். அப்படியானால் திருப்பும்போது எஞ்சின் திமிறாது. நான்கு போல்ட்டும் இறுகும் வரை பாரம் சங்கிலிக் கப்பியிலேயே இருக்கட்டும். இறுகிய பின் சங்கிலியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பின்பு கழற்றலாம். சிலிண்டர்த் தலையைக் கழற்றியதும் பார மையம் மாறிவிடும் என்பதை மறக்கலாகாது. காலையில் ஒரு விரலால் திரும்பிய எஞ்சின், மாலையில் ஊசியை உருவியவுடன் தானாகவே சுழன்று கைப்பிடியால் தாடையில் அறையக்கூடும். கைப்பிடியை ஒருவர் பிடித்திருக்க மற்றவர் ஊசியை உருவ வேண்டும். தகப்பனும் மகனும் சேர்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இராது.

சாரத்தோடும் செருப்போடும் இவ்வேலையைச் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. வீட்டுக்குள் வசதியான உடைதான். ஆனால் சுழலும் கைப்பிடிக்குச் சாரம் என்றால் அலாதிப் பிரியம். காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணிந்துகொள்ளட்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடாயின் தாங்கிக்கு மூன்று முழத்துக்கு அப்பால் கரிக்கட்டியால் ஒரு கோடு கீறி, அதற்கு உள்ளே வரலாகாது என்று சொல்லிவிடுங்கள். தாய்மார் இவ்விடயத்தில் நமக்குத் துணை நிற்பர்.

துறைமுகத்தை அடுத்து வாழ்வோருக்கு ஓர் எதிரி அதிகம் உண்டு, அது உப்புக்காற்று. வாடை அடிக்கும் மாதங்களில் அது மழையோடு வரும். கச்சான் காலத்தில் புழுதியோடு வரும். இரும்பின் வெளியே பெயின்ற் காக்கும். பெட்டிக் குழாயின் உள்ளே எவர் பூசினார்? அங்கே துரு ஓசையின்றித் தின்றுகொண்டிருக்கும். குழாய்களின் திறந்த முனைகளை மூடிவிடுங்கள், மூடுமுன் பழைய எஞ்சின் எண்ணெயை உள்ளே ஊற்றி உருட்டிவிடுங்கள். பழைய தாங்கியை இரண்டாம் கையாய் வாங்குவோர் சிறு சுத்தியலால் தூணின் அடியைத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். துரு தின்றது தகரப் பேணியில் தட்டியது போல மொத்தென்று கேட்கும். சில வேளை சுத்தியல் உள்ளேயே போய்விடும். பின்னதற்கு மேலும் பரீட்சை தேவையில்லை.

இனி முன்னர் வாக்களித்த லொறி ரயர். பத்தாண்டுக்கு ஒருமுறை எஞ்சினைத் திறப்பவருக்குத் தாங்கி அவசியமன்று என்பதே நம் கருத்து. பழைய லொறி ரயரை நிலத்தில் படுக்கப் போட்டு அதன் நடுவில் எஞ்சினை இறக்கினால் அது ஆடாது, சரியாது, எவர் காலிலும் விழாது. குனிந்து வேலை செய்ய வேண்டும், திருப்புவதற்கு இருவர் வேண்டும், மணல் புகாமல் துணியால் மூட வேண்டும், குறை அவ்வளவே. கனத்த மரக்கட்டைகளால் தொட்டில் போல ஒன்று செய்து மேசை உயரத்தில் வைத்தல் இன்னும் நன்று. முச்சக்கரவண்டியின் சிறு எஞ்சினுக்கு வெறும் மேசையே போதும். படகின் வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருப்போர் காருக்குரிய தாங்கியை வாங்கிவிடக் கூடாது. அது பின்முகத்தால் பிடிக்கப்படுவதன்று. படகின் பின்பலகையைக் கவ்வுவது போல ஒரு பலகையைக் கவ்வி நிற்பது. இரண்டு மரக்கால்களும் குறுக்கே ஒரு கனத்த பலகையும் அதற்குப் போதும். 40 குதிரைவலு இயந்திரம் எழுபது கிலோ அளவில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கால்களை அகல வைத்துக்கொள்க.

அன்பரின் மகன் தொழினுட்பம் கற்பவன். ஒருமுறை திறந்தவன் மறுமுறையும் திறப்பான். ஆகவே அவர்கள் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வருடத்தில் ஐம்பது வாரம் அது மூலையில் துருப்பிடித்துக்கொண்டுதான் நிற்கும். கல்யாணத்துக்குக் கிடாரம் இரவல் கொடுப்பது நம் வழக்கம். அதுபோல ஓர் ஒழுங்கையில் நான்கு வீட்டார் பணம் சேர்த்து நல்ல தாங்கி ஒன்றை வாங்கி வைத்தால், மலிவான நான்கை வாங்கும் பணத்தில் உயர்ந்த ஒன்று கிடைக்கும். இரவல் போய் வரும்போது ஊசியும் நான்கு போல்ட்டுகளும் திரும்பி வந்தனவா என்று எண்ணி வாங்க வேண்டும். ஊசி தொலைந்த தாங்கிக்கு ஆணியைச் செருகிக் கொடுத்தனுப்பும் நல்லோர் எல்லா ஒழுங்கைகளிலும் இருக்கின்றனர்.

எஞ்சினைத் திறந்த பின் உதிரிப் பாகம் கொழும்பிலிருந்து வரும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அத்தனை நாளும் அந்தரத்தில் விட்டு வைக்காமல், எஞ்சினின் முன்முனைக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கி மெல்ல முட்டுக் கொடுத்து, சில்லுகளுக்கு ஆப்பும் வைத்துவிடுக. சிலிண்டர்த் துளைகளில் எண்ணெய் தடவி எண்ணெய்த் துணியால் அடைத்து மூடினால் உப்புக்காற்றும் பல்லியும் உள்ளே போகா. சங்கிலிக் கப்பியை எந்தக் கொம்பில் கட்டுவது, மாமரக் கிளையை எவ்வளவு நம்பலாம் என்று அன்பர் கடிதத்தின் கடைசியில் கேட்டிருப்பதற்கு அடுத்த வாரம் எழுதுகின்றோம். அதுவரை கிளையில் எதையும் கட்ட வேண்டாம்.